மேகத்துக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம்

செங்கோட்டையில் சாரல் நாளில் வாட்டர்கலரில் மலையை வரைந்தால் மேகம் சேறாகிறது, நடுவில் காலிபிளவர் மாதிரி கறை விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் பக்கத்துப் புளியரைதான், எனக்கும் அதே காற்று, அதே ஈரம். தாள் சீக்கிரம் காயாது. பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் அதிகமான தூரிகையை வைத்தால் அந்தத் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும், அதுதான் கறை. பளபளப்பு போனாலும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, கை வைக்காதீர்கள்.

அப்புறம், மேகத்துக்கு வெள்ளை பூசுகிறீர்களே, சேறு அங்கிருந்துதான் வருகிறது. வாட்டர்கலரில் வெளிச்சம் தாளின் வெள்ளைதான். அதை அப்படியே விட்டுவிட்டு மலையை மட்டும் பூசி, அடி ஓரத்தை ஈரத் தூரிகையால் ஒரே ஒரு தடவை இழுங்கள், மஞ்சு தானாக இறங்கும். காய்ந்தால் நிறம் வெளிறும், கொஞ்சம் அடர்த்தியாகவே போடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தி, விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.