கொள்ளுப்பேரர்களின் கணக்கு – கடிதம்

வணக்கம்.

ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் மீண்ட லில்லி ஏபர்ட் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓர் இடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. 35ஆவது கொள்ளுப்பேரக்குழந்தை பிறந்தபோது, நாஜிகள் ஜெயிக்கவில்லை என்று அந்தப் பாட்டி சொன்னதை நீங்களும் கொண்டாடியிருக்கிறீர்கள். எனக்குத் திருமணமாகிப் பத்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ‘ஏதும் விசேஷம் உண்டா’ என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு பெண் ஜெயித்தாள் என்பதைப் பேரப்பிள்ளைகளை எண்ணித்தான் சொல்ல வேண்டுமா? முகாமிலிருந்து மீண்டு, பிள்ளை பெறாமலே இறந்துபோனவர்கள் தோற்றவர்களா?

இன்னொன்று. சொந்தப் பிள்ளைகளிடமே பல வருடம் பேசாத விஷயத்தை, கடைசிக் காலத்தில் டிக்டாக்கில், ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே சொல்வது அந்தத் துயரத்தை மலினப்படுத்துவது ஆகாதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்,

கல்யாண வீட்டில் உங்களை நிறுத்திக் கேட்பவர்களுக்கும் லில்லி சொன்ன கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் அந்த எண்ணிக்கையை யாரை நோக்கிச் சொன்னார் என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

கட்டுரையை வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. லில்லி 1923 டிசம்பரில் ஹங்கேரியில் போன்யாட் என்ற சிறு ஊரில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். போர் நடக்கும்போதே அப்பா நோயில் போய்விட்டார். 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை 9 வரை, எட்டு வாரத்துக்குள், சுமார் 4,37,000 யூதர்களைச் சரக்கு ரயில்களில் அடைத்து அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ். லில்லியின் குடும்பம் ஏறியது கடைசி ரயில்களில் ஒன்றில்.

அந்த ரயிலில் நடந்ததுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வீட்டிலிருந்த கொஞ்ச நகையை அம்மாவின் செருப்புக் குதிக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். பயணத்தில் அம்மா, உன் செருப்பை எனக்குக் கொடு, என்னுடையதை நீ போட்டுக்கொள் என்றார். ஏன் என்று லில்லி கேட்கவில்லை, மாற்றிக்கொண்டார். முகாமில் துணியைப் பறித்தார்கள், தலையை மழித்தார்கள், கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். செருப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். பிறகு அந்தக் குதி தேய்ந்ததும், உள்ளே இருந்த சிறு தங்கப் பதக்கத்தைத் தினமும் கிடைக்கும் ரொட்டித் துண்டுக்குள் திணித்து மறைத்திருக்கிறார். பசியில் சாகும் இடத்தில் ரொட்டி ஒரு பெட்டகமாகவும் இருந்திருக்கிறது. 2022ல் பக்கிங்காம் அரண்மனையில், அப்போது இளவரசராக இருந்த சார்ல்ஸிடம் அவர் எடுத்துக் காட்டியது இந்தப் பதக்கத்தைத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரயிலடியில் இறங்கியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வேலைக்கு ஆகிறவர்கள் ஒரு பக்கம், வயதானவர்களும் குழந்தைகளும் மறுபக்கம். குழந்தையோடு நிற்கும் தாய், எவ்வளவு இளமையாக, திடமாக இருந்தாலும், குழந்தையோடு சேர்த்தே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டாள். பிரித்தால் கூச்சல் எழும், வரிசை கலையும். அவர்களுக்கு வேலை சத்தமில்லாமல் நடக்க வேண்டும். அதனால் அங்கே இறக்கிவிடும் வேலை பார்த்த கைதிகள் சிலர், காவலர் பார்க்காத நேரத்தில், குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிடு என்று இளம் தாய்மார்களின் காதில் சொன்னது உண்டு. பாட்டியும் குழந்தையும் எப்படியும் பிழைக்க மாட்டார்கள், தாயாவது தப்பட்டும் என்ற கணக்கு. இந்த ஒரு காட்சியைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வேறு எதையும் பெரிதாக வாசிக்க முடியாமல் சில நாள் இருந்தேன்.

லில்லியின் அம்மா நீனா, தம்பி பேலா, தங்கை பெர்டா மூவரும் அன்றே கொல்லப்பட்டார்கள். லில்லியும் தங்கைகள் ரெனே, பிரியும் வேலைக்கு ஆகிறவர்கள் பக்கம் போனார்கள். இருபது வயது, கையில் குழந்தை இல்லை. இதில் அவருடைய சாமர்த்தியம் ஏதும் இல்லை. நூறு வயது கண்ட மூதாட்டி என்றதும் மன உறுதியால் வென்றார் என்று எழுதும் தலைப்புகளை எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். மன உறுதி நீனாவிடம் குறைவாகவா இருந்தது?

ஆக, யூதக் குழந்தையும் அதைப் பெறக்கூடிய பெண்ணும் இருக்கவே கூடாது என்று திட்டம் போட்டவர்களுக்குத்தான் அந்த 35 பதில். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அல்ல. லில்லி மட்டும் இப்படி நினைக்கவில்லை. போர் முடிந்ததும் ஜெர்மனியில் இருந்த அகதி முகாம்களில் யூதர்களிடையே பிறப்பு விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பெர்கன்-பெல்சன் அகதி முகாமில் மட்டும் சில ஆண்டுகளில் 2,000 குழந்தைகள் பிறந்தார்கள்.

ஆனால் எல்லோராலும் அப்படிப் பதில் சொல்ல முடியவில்லை. ஆஷ்விட்ஸின் பத்தாம் எண் கட்டடத்தில் கார்ல் கிளவுபர்க் என்ற மருத்துவன், நூற்றுக்கணக்கான பெண்களின் கருப்பைக்குள் ரசாயனத்தை ஏற்றி, மலடாக்கும் சோதனை நடத்தினான். அங்கிருந்து மீண்டவர்களில் பலருக்குப் பிள்ளை இல்லை என்றால், அது அவன் செய்த குற்றத்தின் தடயம். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எந்த வாய்க்கு உரிமை இருக்கிறது?

லில்லியைப் போலவே முகாமிலிருந்து மீண்டு, இஸ்ரேல் போய், அப்புறம் லண்டனில் குடியேறிய இன்னொருவரையும் பாருங்கள். ஆலிஸ் ஹெர்ட்ஸ்-ஸோமர். 1903ல் பிராகில் பிறந்த பியானோக் கலைஞர். தெரேசியன்ஷ்டாட் முகாமில் நூறு கச்சேரிக்கு மேல் வாசித்தவர். கணவர் வேறொரு முகாமில் இறந்தார். கூடவே இருந்து உயிர் தப்பிய ஒரே மகனும் 2001ல் போய்விட்டான். தாய்க்கு அப்போது 97 வயது. அதற்குப் பிறகும், 2014ல் 110 வயதில் இறக்கும்வரை, லண்டனில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். வாரிசுக் கணக்கில் இவர் லில்லிக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். இவர் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னாலும் நான் அதே மரியாதையோடுதான் எழுதுவேன். உங்கள் கேள்வி வந்ததால் எழுதவேண்டும் என்றே தோன்றுகிறது.

இரண்டாவது கேள்வி. லில்லி 1946ல் பாலஸ்தீனத்துக்குப் போனார், 1948ல் ஷ்முவேல் ஏபர்ட்டை மணந்தார், மூன்று குழந்தைகள். 1967ல் லண்டன். இவ்வளவு காலமும் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இது அவர் ஒருவருடைய மௌனம் மட்டும் அல்ல. இஸ்ரேல் என்ற புதிய நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, முகாமிலிருந்து வந்தவர்களின் கதையைக் கேட்கப் பொறுமை இல்லை. ஆடுமாடு போல ஏன் ரயிலேறினீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீது 1961ல் ஜெருசலேமில் வழக்கு நடந்தபோது நூறு சாட்சிகளுக்கு மேல் கூண்டில் ஏறிப் பேசியதும், அதை வானொலியில் ஊரே கேட்டதும்தான் திருப்பம். அதன் பிறகும் லில்லிக்கு வாய் திறக்கப் பல வருடம் பிடித்தது. கணவர் இறந்த பிறகுதான் மெல்ல ஆரம்பித்து, பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார்.

டிக்டாக் அதன் தொடர்ச்சிதான். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியதும், கொள்ளுப்பேரன் டோவ் ஃபோர்மன் கைபேசியை எடுத்து முன்னால் வைத்தான். (நம் ஊரில் டிக்டாக்கை 2020லேயே தடை செய்துவிட்டார்கள். நீங்கள் பார்த்தது யாராவது யூடியூபில் ஏற்றியதாக இருக்கும்.) விடுதலையான நாட்களில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் வாழ்த்து எழுதிக் கொடுத்த ஜெர்மன் பணத்தாள் ஒன்றை லில்லி பத்திரமாக வைத்திருந்தார். டோவ் அதைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டான். எழுதியவர் ஹைமன் ஷுல்மன் என்று தெரியவந்தது. அவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார், ஆனால் அவர் குடும்பத்தோடு காணொளியில் பேச முடிந்தது. 75 வருடமாக அலமாரியில் கிடந்த தாளுக்கு விடை கிடைத்தது சமூக ஊடகத்தால்தான்.

ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே என்கிறீர்கள். ஆமாம், பதினைந்து வயதுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். 2021 மே மாதம் லில்லியின் பதிவுகளுக்குக் கீழே ஹிட்லரைப் புகழ்ந்தும் லில்லியை வசை பாடியும் சிலர் எழுதினார்கள். அப்போது அவருக்கு 97 வயது. பதிவுகள் நிற்கவில்லை. பின்தொடர்பவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 2024 அக்டோபரில், நூறு வயதில், லில்லி இறந்தார். யூதப் படுகொலை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்பவர்கள் அவருக்கு முன்பே அந்த இடத்துக்கு வந்து கடை விரித்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு எண்ணைக் காட்டியதில் எனக்கு மலினம் எதுவும் தெரியவில்லை.

அன்புடன்.