கராஜில் பாதி நிரம்பிய பெட்டி

வணக்கம் ஐயா,

நான் மதுரைக்காரன். கலிஃபோர்னியாவில், டேலி சிட்டியில் இருக்கிறேன். மனைவி பிலிப்பைன்ஸ்காரர். போன மாதம் மாமியார் காலமானார். வயது 78. பிலிப்பைன்ஸில் லாவாக் அவரது ஊர். 1986-ல் மூன்று பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு நர்ஸாக இங்கே வந்தார். 1991-ல் கிரீன் கார்டு கிடைத்ததும் இளையவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டார். மூத்தவருக்கு 21 வயது தாண்டிவிட்டதால் கூட வர முடியவில்லை. பிறகு மாமியார் அவருக்காகக் குடியேற்ற மனு போட்டார். முறை வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மாமியார் ஓய்வு பெறும்வரை இரவு ஷிஃப்ட்தான். காலையில் வந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அவர்களுக்கு லோலா, அதாவது பாட்டி, என்றால் உயிர். கரோக்கே மைக்கை மட்டும் கீழே வைக்கமாட்டார், அது ஒன்றுதான் அவருடைய பலவீனம். ஊருக்கு அனுப்ப அவர் கட்டிக்கொண்டிருந்த பெட்டி கராஜில் பாதியில் கிடக்கிறது.

நாற்பதாம் நாள் ஜெபத்தில் நான் பேசவேண்டும். ‘தனக்கென்று எந்த ஆசையும் இல்லாமல் மெழுகுவர்த்தியாக உருகினார்’ என்று தொடங்கியிருக்கிறேன். முழு உரையையும் இணைத்திருக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா? மருமகன் பேசுவது முறைதானா? நம் பண்பாட்டோடு உள்ள ஒற்றுமைகளைச் சொல்லலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் வீட்டுத் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

மருமகன் தாராளமாகப் பேசலாம். ஒற்றுமைகளை விட்டுவிடுங்கள். அவர்கள் ‘மங்கா’ என்பது மலாய் வழியாகப் போன நம் மாங்காய்தான், பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வதும் நமக்குப் புரிகிற வழக்கம்தான். ஆனால் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் பேச வேண்டியது அதுவல்ல.

அந்த மெழுகுவர்த்தியை அடித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் என் பெரியம்மாவின் அஞ்சலி போஸ்டரிலும் அதே சொல். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தியை யாரோ கொளுத்துகிறார்கள், அது பாட்டுக்கு உருகுகிறது. உங்கள் மாமியார் அப்படியா? இரவு ஷிஃப்டுக்கு மணிக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். பகலில் பேரப்பிள்ளைகளுக்கு ஆள் வைக்க வேண்டாம். தன் தூக்கத்தைக் கொடுத்து இரண்டையும் வாங்கியிருக்கிறார். பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டிலேயே நடந்தது, நீங்கள் பார்க்கவில்லை.

ஆசையே இல்லை என்று எழுதுகிறீர்கள். கடிதத்தில் மைக்கைக் கீழே வைக்கமாட்டார் என்கிறீர்கள். அது எப்படி ஐயா பலவீனம் ஆகும்? ராத்திரி முழுக்க வார்டில் நின்றவர் ஞாயிற்றுக்கிழமை உரக்கப் பாட ஆசைப்பட்டார். என்ன பாடினார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த முழு உரையையும் மன்னித்திருப்பேன்.

தொண்ணூறுகளில் நான் துபாயில், கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தேன். எதிர் ஃபிளாட்டில் ஆறு பிலிப்பைன்ஸ் பெண்கள். மூத்தவரை மற்றவர்கள் ‘ஆத்தே’ என்பார்கள், அக்கா என்று அர்த்தம். எங்கள் காதில் ஆத்தா என்றே விழும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய கட்டில் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறந்து கிடக்கும். பாலிக்பாயன் பெட்டி, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குச் சாமான் அனுப்புகிற பெட்டி. கப்பலில் போகும். எடைக்கு அல்ல, பெட்டிக்குத்தான் காசு. அதனால் அதற்குள் காற்றுக்கு இடமே கிடையாது. ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் சாக்லேட், டவலில் சுற்றிய காபி பாட்டில், சந்தில் எல்லாம் சோப்பு, கார்ன்டு பீஃப் டின். சம்பளம் வந்த வாரம் நாலு பொருள், அடுத்த மாதம் நாலு. நிரம்ப ஆறு மாதம் ஆகும்.

ஒருநாள் டேப் ஒட்ட என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் மேல் ஒரு தாள். அதில் பென்சிலால் வரைந்த மூன்று பாதங்கள். ஊரில் பிள்ளைகள் காலைத் தாளில் வைத்து வரைந்து கடிதத்தோடு அனுப்பியிருந்தார்கள். ஆத்தா ஒவ்வொரு பாதத்தின் நுனியிலும் தன் கட்டைவிரலை வைத்து அந்த அகலத்துக்கு இன்னொரு கோடு இழுத்திருந்தார். அந்தக் கோட்டுக்குத்தான் ஷூ வாங்குவாராம். கடிதம் வரக் கொஞ்ச நாள், பெட்டி நிரம்பக் கொஞ்ச நாள், கப்பல் போய்ச்சேரக் கொஞ்ச நாள், அதற்குள் கால் வளர்ந்துவிடுமே என்றார். கடைக்குட்டிக்கு மட்டும் கோடு இன்னும் தள்ளி இருந்தது. “அவன் வேகமாக வளர்கிறான்” என்றார். அவனைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணை யாராவது என் முன்னால் மெழுகுவர்த்தி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவர்கள் நாடே அப்படித்தான் சொல்கிறது. 1974-ல் அதிபர் மார்கோஸின் அரசு தொழிலாளர் சட்டம் போட்டு, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசாங்க வேலையாகவே ஆக்கியது. 1988-ல் அதிபர் கொரசோன் அகினோ, போனவர்களை ‘புதிய வீரர்கள்’ என்று புகழ்ந்தார். 2023-ல் வங்கி வழியாக அவர்கள் அனுப்பிய பணம் மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு கொடுத்தவர்களுக்கு ஊரிலேயே ஏன் ஒரு நல்ல வேலை இல்லை என்ற கேள்வியை ‘வீரர்’ என்ற சொல் மூடிவிட்டது. உங்கள் உரையிலும் மெழுகுவர்த்தி அதைத்தான் செய்கிறது. லாவாக்கில் இருக்கும் மூத்த மகள் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. வளர்த்த பேரப்பிள்ளைகளைப் பற்றி இரண்டு பக்கம். விட்டுவந்த மகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த அம்மா முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் யாருக்குப் பெட்டி கட்டினார் என்று நினைக்கிறீர்கள்?

கோபப்படாதீர்கள். நல்ல மனிதர் நீங்கள், கடிதத்திலேயே தெரிகிறது. மாமியாருக்காக உட்கார்ந்து எழுதுகிற மருமகன்கள் எத்தனை பேர்? அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

இன்று ராத்திரி அந்த அக்காவுக்கு போன் போடுங்கள். அம்மா போனபோது வயது என்ன, முதல் பெட்டியில் என்ன வந்தது, எது அளவு சரியாக இல்லை என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், வைத்துவிடாதீர்கள். அப்புறம் கராஜுக்குப் போய், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பெட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பதாம் நாள் அந்தத் தாளைப் படித்தால் போதும்.

பிறகு எல்லாவற்றையும் அவர் வைத்திருந்த மாதிரியே திரும்ப அடுக்கி, மீதி இடத்தை நீங்கள் நிரப்பி அனுப்புங்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதத்தை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் போய்ச்சேர இரண்டு மாதம்கூட ஆகும். ஷூவை ஒரு விரல் கூட்டியே வாங்குங்கள்.