கேள்வி – பதில்: தகிட, தகிட என்று ஒரு வால்ட்ஸ்

கேள்வி: என் மகன் மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை மணக்கவிருக்கிறான். வரவேற்பில் மணமக்களுக்குப் பின் இரு வீட்டுப் பெற்றோரும் வால்ட்ஸ் ஆட வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் விரும்புகிறார்கள். எனக்கு வயது 61, மனைவிக்கு 57. அவளுக்குக் கூச்சமும் அதிகம். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? ஆறு வாரத்தில் கற்க முடியுமா? சால்சா சுலபம் என்கிறான் மகன்.
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது ஐரோப்பியர்களுக்கும் இருந்தது. பிரெஞ்சு அரசவையில் புகழ்பெற்ற மினுவெட் ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் விரல்நுனியைத்தான் பிடித்தார்கள். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமங்களிலோ இணையை அணைத்துப் பிடித்துச் சுழன்றாடும் வழக்கம் இருந்தது. அதுவே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னா நகரத்துக் கூடங்களுக்குள் நுழைந்து வால்ட்ஸ் ஆயிற்று. சுழலுதல் என்னும் பொருளுள்ள ஜெர்மன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். 1816-இல் லண்டனில் இளவரசர் ரீஜண்ட் (மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர்) அளித்த விருந்தில் அது ஆடப்பட்டபோது, 'தி டைம்ஸ்' நாளேடு முகம் சுளித்துக் கண்டனம் எழுதியது. நம் ஆய்ச்சியர் குரவையில் எழுவர் கைகோத்து ஆடியதை இளங்கோவடிகள் பாடியிருக்கிறார். கைகோத்து ஆடுவது நமக்குப் புதிதன்று, இருவர் மட்டும் தனித்து ஆடுவதுதான் புதிது என்று உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆட்டத்தின் கணக்கு மூன்று. 'தகிட, தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டு, 'த'வில் சற்று அழுத்தம் கொடுத்தால் வால்ட்ஸின் தாளம் வந்துவிடும். உங்கள் வீட்டுத் தரையில் சதுர டைல்ஸ் இருக்குமானால், அதில் ஒன்றின் கோடுகளே உங்களுக்குப் பாடப்புத்தகம். 'த'வுக்கு இடக்காலை முன்னால் வையுங்கள். 'கி'க்கு வலக்காலை முன்கொண்டு வந்து வலப்பக்கம் விலக்கி வையுங்கள். 'ட'வுக்கு இடக்காலை அதனருகே சேருங்கள். அடுத்த தகிடவில் வலக்கால் பின்னால், இடக்கால் இடப்பக்கம், வலக்கால் சேர்ப்பு. இரண்டு தகிடவில் ஒரு சதுரம் முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பீர்கள். எதிரில் நிற்கும் மனைவிக்கு இதுவே கண்ணாடி பிம்பம்: முதலில் வலக்கால் பின்னால், இடக்கால் இடப்பக்கம், வலக்கால் சேர்ப்பு, பிறகு இடக்காலை முன்வைத்துப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுவது 'ட'வில்தான். காலைச் சேர்க்கும்போது பாதத்தைப் பக்கத்தில் சும்மா ஒட்டி வைத்துவிட்டு, உடல் எடையை அதன்மேல் மாற்றாமல் விட்டால், அடுத்த அடிக்கு எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவோம். நானும் முதல் வாரம் முழுவதும் இப்படி நின்று, போதாக்குறைக்கு என் மனைவியின் சுண்டுவிரலையும் மிதித்தேன். சேர்ந்த காலில் எடை இறங்கியதா என்று மட்டும் பாருங்கள், மற்றவை தாமாக வரும். உங்கள் வலக்கை அவர் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கட்டும். இடக்கை அவர் வலக்கையைக் கண்மட்ட உயரத்தில் தாங்கட்டும். கையால் இழுக்காமல், மார்பு திரும்பும் திசையால் வழி காட்ட வேண்டும்.

சால்சாவைப் பற்றி உங்கள் மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. கியூபாவின் சோன் இசையை அடியாகக் கொண்டு, நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் முதலானோர் 1960-70களில் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் எட்டெண்ணிக்கை. நான்கிலும் எட்டிலும் கால் அடி வைக்காது. அந்த இடைவெளியில் பொறுத்திருப்பதற்கே பல வாரங்கள் ஆகும், வேகமும் கூடுதல்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் ஆறு வாரம் தாராளம். ரப்பர் அடிச் செருப்பு தரையைக் கவ்விக்கொண்டு முழங்காலைத் திருகும். தோல் அடியுள்ள ஷூவே நல்லது. உங்கள் மனைவி முதல் அடியையே பின்வாங்கி வைப்பதால், புடவையைக் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். பேண்டு வாசிப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: நிமிடத்துக்குத் 'தகிட' 28 முதல் 30 வரை வந்தால் போதும். வியன்னா வால்ட்ஸ் என்று தொடங்கிவிட்டால் அது 60-ஐத் தொடும், உங்களால் ஈடுகொடுக்க முடியாது.