வாசகர் கேள்விகள்: நிலவில் நிரந்தரத் தளம் எதற்காக?

நிலவில் மனிதர்கள் நிரந்தரமாகத் தங்கிப் பணிபுரியும் தளம் ஒன்றை அமைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அப்படியொரு தளம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் நிலவில் இறங்கிக் கல்லும் மண்ணும் கொண்டுவந்துவிட்டார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. அங்கே குடியிருக்க வேண்டிய தேவை என்ன?
— வாசகர், சேலம்

பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிலவின் பரப்பு ஆசியக் கண்டத்தைவிடச் சற்றே சிறியது. அதில் அமெரிக்காவின் அப்போலோ வீரர்கள் இறங்கிய ஆறு இடங்களும் பூமியை நோக்கிய பக்கத்தில், நிலநடுக்கோட்டுக்கு அதிகம் விலகாத பகுதியில் இருந்தன. ஆறு பயணங்களிலும் சேர்த்து அவர்கள் விண்வெளி உடையுடன் வெளியே நடமாடிய நேரம் ஏறத்தாழ 80 மணிதான்.

அந்த நேரக் குறைவால் என்ன நேர்ந்தது என்பதற்கு அப்போலோ 17 ஒன்றே போதும். 1972 டிசம்பரில் ஷார்ட்டி என்னும் பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஹாரிசன் ஷ்மிட், சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். நிலவில் நடந்தவர்களில் அவர் ஒருவரே தொழில்முறைப் புவியியலாளர். தாம் கண்டது எவ்வளவு முக்கியமானது என்று அவருக்கு உடனே தெரிந்தது. ஆனால் ஆக்சிஜன் இருப்பும் திரும்பிச் செல்ல வேண்டிய தொலைவும் அனுமதித்தது சுமார் அரை மணி நேரமே என்பதால், அவசரமாக மாதிரிகளை அள்ளிக்கொண்டு அவரும் உடன் வந்த யூஜின் செர்னனும் புறப்பட வேண்டியதாயிற்று. அந்த மண், 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலை பீறிட்டபோது உருவான நுண்ணிய கண்ணாடி மணிகளால் ஆனது என்று பின்னர் தெரிந்தது. அப்போலோ கொண்டுவந்த இத்தகைய மணிகளுக்குள் நீரின் தடயம் இருப்பது 2008ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நிலவின் உட்பகுதி முற்றிலும் வறண்டது என்ற நெடுநாள் முடிவு அத்துடன் ஆட்டம் கண்டது. அருகிலேயே தங்கியிருக்கும் ஓர் ஆய்வாளர் மறுநாளே அதே இடத்துக்குச் சென்று, ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டி, சந்தேகம் எழும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார். அப்போலோ 17-க்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் செல்லவில்லை.

பூமியின் தென் துருவத்தின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. 1911 டிசம்பரில் நார்வேயின் அமுண்ட்சன் குழுவும் 1912 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்காட் குழுவும் அங்கே சென்றடைந்தபின், 1956 வரை அந்த இடத்தில் எவரும் காலடி வைக்கவில்லை. பின்னர் அமைக்கப்பட்ட நிலையத்தில் இன்றுவரை மனிதர்கள் இடைவிடாமல் தங்கிவருகிறார்கள். அண்டார்க்டிகாவின் இன்னொரு பகுதியில் பிரிட்டன் நடத்திவரும் ஹாலி நிலையத்தில் 1950-களின் இறுதியிலிருந்து ஆண்டு தவறாமல் ஓசோன் அளக்கப்பட்டுவந்தது. பல ஆண்டுகள் அந்தக் கணக்கில் திடுக்கிடத்தக்க எதுவும் இல்லை. அந்தச் சலிப்பூட்டும் தொடர்ச்சியைக் கைவிடாததால்தான், வசந்த காலத்தில் ஓசோன் படலம் மெலிந்துவருவதை 1985இல் ஜோ ஃபார்மனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் உலகுக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது. துருவத்தை எட்டித் தொட்டுத் திரும்பிய எந்த வீரரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நிலவில் தளம் வேண்டும் என்பதற்கு நான் கருதும் முதற்காரணம் இதுதான்.

சந்திரயான்-3 மனிதர் யாருமின்றி வெற்றி பெற்றது. ரோபோக்கள் மலிவானவை, ஆபத்தில்லாதவை. மனிதர்களை அனுப்புவது தேவையற்ற பெருமைதானே?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட அளவீட்டைச் செய்வதே நோக்கம் என்றால், ரோபோவை அனுப்புவதே முறை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென் அகலக்கோடு 69 பாகையில் இறங்கிய விக்ரம் கலம், தரையின் மேற்பரப்புக்கும் வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் இடையே சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாடு இருப்பதை அளந்து காட்டியது. அதற்கு மனிதர் தேவைப்படவில்லை.

எதிர்பாராத சிக்கல் வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. செவ்வாயில் 2018இல் இறங்கிய இன்சைட் கலம், வெப்பத்தை அளப்பதற்காகத் தரைக்குள் 5 மீட்டர் வரை இறங்கக்கூடிய முளை ஒன்றைக் கொண்டுசென்றது. மண்ணில் போதிய உராய்வு இல்லாததால் அந்த முளை இறங்க மறுத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பூமியிலிருந்து எல்லா வழிகளிலும் முயன்றபின், 2021 ஜனவரியில் முயற்சி கைவிடப்பட்டது. 1971இல் அப்போலோ 15-இல் நிலவுத் தரையைத் துளைத்தபோதும் 2.4 மீட்டர் நீளமுள்ள மாதிரிக் குழாய் மண்ணுக்குள் இறுகிக்கொண்டது. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் தோள் கொடுத்து அதை நெம்பி எடுத்தார்கள். ஸ்காட்டின் தோளில் காயம் ஏற்பட்டது, ஆனால் மாதிரி பூமிக்கு வந்து சேர்ந்தது.

தொலைவுக் கணக்கையும் பாருங்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி உலாவி 14 ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் கடந்தது மாபெரும் சாதனை. அப்போலோ 17 வீரர்கள் தங்கள் வாகனத்தில் மூன்றே நாட்களில் சுமார் 36 கிலோமீட்டர் சென்றார்கள். சோவியத் யூனியனின் மூன்று தானியங்கிக் கலங்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த மண் மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோகிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்தது 382 கிலோகிராம். ஆகவே ரோபோவா மனிதரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தளத்தில் இருப்பவர்கள் பழுது பார்த்து, கருவி மாற்றி, தூசி துடைத்துத் தொடர்ந்து இயக்கும் பல ரோபோக்களே நிலவின் பெரும்பகுதியை ஆராயும். விக்ரமும் அது இறக்கிவிட்ட பிரக்யான் உலாவியும் ஒரே ஒரு நிலவுப் பகல், அதாவது நமது 14 நாட்கள் மட்டும் உழைத்து, அடுத்து வந்த குளிரிரவுக்குப்பின் விழிக்காமல் போயின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லா நாடுகளும் நிலவின் தென் துருவத்தையே குறிவைப்பது ஏன்?
— வாசகி, பொள்ளாச்சி

வெளிச்சமும் பனியும் அருகருகே கிடைப்பதால். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்க, நிலவின் அச்சு 1.5 பாகை மட்டுமே சாய்ந்திருக்கிறது. அதனால் நிலவின் துருவங்களில் சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவருகிறது. 21 கிலோமீட்டர் அகலமும் 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள ஷாக்கிள்டன் பள்ளத்தின் அடியில் வெயில் விழுவதே இல்லை. அதன் விளிம்பிலுள்ள சில மேடுகளிலோ ஆண்டின் பெரும்பகுதி வெயில் இருக்கிறது. மற்ற இடங்களில் சூரிய ஒளி மின்சாரத்தை நம்புபவர்கள் 14 நாள் நீளும் இரவைத் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்த மேடுகளில் அந்த இருள் நாட்கள் வெகுவாகக் குறைகின்றன.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008இல் அமெரிக்கக் கருவி ஒன்றையும் சுமந்துசென்றது. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயம் பரவியிருப்பதை 2009இல் வெளிப்படுத்தியது அந்தக் கருவியே. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று, கேபியஸ் என்னும் நிழற்பள்ளத்தில் நாசா ஒரு ராக்கெட் பகுதியை மோதச்செய்து, எழும்பிய புழுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள மண்ணின் எடையில் சுமார் 5 விழுக்காடு நீர் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது.

அந்த நீர் குடிப்பதற்கு மட்டுமன்று. மின்சாரத்தால் பிரித்தால் மூச்சுக்கான ஆக்சிஜனும் ராக்கெட்டுக்கான எரிபொருளும் அதிலிருந்தே கிடைக்கும். ஆயினும் அந்தப் பனி மண்ணில் எப்படிக் கலந்திருக்கிறது, அதைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதை அங்கே இறங்கித் தோண்டிப் பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை. தளத்தின் வடிவத்தை இறுதி செய்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

சந்திரயான்-2 சோதனைகளுக்கு எங்கள் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து நிலவு மண் தயாரித்தார்கள் என்று படித்தேன். அந்த மண்ணை வைத்து வீடு கட்ட முடியுமா?
— வாசகர், நாமக்கல்

நீங்கள் படித்தது உண்மை. சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறையை ஒத்தது. அதை அரைத்து இஸ்ரோ உருவாக்கிய மாதிரி மண்ணில்தான் தரையிறங்கும் கலமும் உலாவியும் சோதிக்கப்பட்டன.

கட்ட முடியும், கட்டியே ஆகவும் வேண்டும். விண்வெளிக் கதிர்வீச்சிலிருந்து காக்க நிலவில் பூமியைப்போல் காற்றும் காந்தப்புலமும் இல்லை. சீனாவின் சாங்'அ-4 கலத்தில் இருந்த கருவி, நிலவுத் தரையின் கதிர்வீச்சு சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு என்று அளந்தது. சில மீட்டர் மண்ணைக் கூரைமேல் குவிப்பதே அதற்கு மலிவான காப்பு. மாதிரி மண்ணுடன் யூரியா, கொத்தவரைப் பிசின், ஒருவகைப் பாக்டீரியா ஆகியவற்றைச் சேர்த்துச் செங்கல் உருவாக்கும் முறையை 2020இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் செய்துகாட்டியிருக்கின்றன. இயற்கையான புகலிடங்களும் உண்டு. நிலவில் அமைதிக் கடல் என்னும் சமவெளியில் சுமார் 100 மீட்டர் ஆழமுள்ள ஒரு குழியின் நிழற்பகுதியில் வெப்பநிலை 17 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் என்று 2022இல் கணக்கிடப்பட்டது. அந்தக் குழியிலிருந்து ஒரு குகை நீள்வதை 2024இல் ரேடார் தரவுகள் உறுதிசெய்தன. ஆனால் அது துருவத்திலிருந்து வெகு தொலைவில் உள்ளது என்பதால் முதல் தளத்துக்கு உதவாது.

தூசிதான் எனக்குப் பெரிய கவலை. அதை மழுங்கச்செய்யக் காற்றோ நீரோ இல்லாததால், நிலவின் தூசித் துகள் ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடிபோல் கூர்மையாகவே இருக்கிறது. மூன்று நாட்களிலேயே அது அப்போலோ உடைகளின் மூட்டுகளை அரித்தது. ஷ்மிட்டுக்கு ஒவ்வாமைபோல் மூக்கை அடைத்தது. அப்போலோ 12 தரையிறங்கியபோது கிளம்பிய புழுதி, சுமார் 160 மீட்டருக்கு அப்பால் ஏற்கெனவே இறங்கி நின்ற சர்வேயர்-3 என்னும் ஆளில்லாக் கலத்தின் மேற்பரப்பையே உராய்ந்து தேய்த்திருந்தது. ஆகவே வீட்டுக்கும் முன்னதாகக் கெட்டியான இறங்குதளம்தான் அங்கே கட்டப்பட வேண்டும்.

நிலவிலுள்ள ஹீலியம்-3 உலகின் மின்சாரத் தேவையைத் தீர்த்துவிடுமா?
— வாசகர், திருநெல்வேலி

இல்லை. அதை எரிபொருளாக்கி மின்சாரம் தரும் அணுச்சேர்க்கை உலை எங்கும் இயங்கவில்லை. நிலவு மண்ணில் அதன் அளவு நூறு கோடியில் சில பங்குகளே. இதைக் காட்டித் தளம் கேட்பவர்கள் தளத்தின் நியாயத்தைப் பலவீனப்படுத்துகிறார்கள்.

பசியும் நோயும் இருக்கும் உலகில் இவ்வளவு பணத்தை நிலவில் கொட்டுவது நியாயமா?
— வாசகி, மதுரை

இந்தக் கேள்வியை எவரும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நிலவுக்குத் திரும்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்கு 2025 வரை சுமார் 9,300 கோடி டாலர் செலவாகும் என்றும், அதன் முதல் நான்கு பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்றும் நாசாவின் செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகமே கணக்கிட்டது. ஒவ்வொரு முறையும் ராக்கெட்டைக் கடலில் எறிந்துவிடும் இந்த முறையில் நிரந்தரத் தளம் சாத்தியமே இல்லை. சரக்கை மலிவாகக் கொண்டுசெல்லும், மறுபடியும் பயன்படும் ராக்கெட்டுகள் நம்பகமானபின்பே தளத்துக்கான பெருஞ்செலவு தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இந்தியாவின் விண்வெளித் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. மத்திய பட்ஜெட்டில் அது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தத் தொகையை நிறுத்தினால் அது தானாகவே பசித்தவர் தட்டுக்குப் போய்விடாது. அதே வேளையில், நிலவுத் தளம் ஏழைகளுக்காகக் கட்டப்படுகிறது என்று சொல்வதும் பொய்யாகிவிடும். அது அறிவுக்காகக் கட்டப்படுவது. நிலவின் மறுபக்கம் பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத இடம். முதல் விண்மீன்கள் தோன்றுவதற்கு முந்தைய காலத்தின் மெல்லிய அலைகளை, நம் வளிமண்டலத்தின் மேலடுக்கு தடுத்துவிடும் நீண்ட அலைநீளங்களில் அங்கிருந்து கேட்க முடியும். அதற்கான செலவைப் பல நாடுகள் பகிர வேண்டும். பதினைந்து நாடுகள் சேர்ந்து உருவாக்கிய சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் மனிதர்கள் இடைவிடாமல் வாழ்ந்துவருகிறார்கள்.

முதலில் தளம் அமைக்கும் நாடு நிலவை உரிமை கொண்டாடாதா? இந்தியா எந்தப் பக்கம்?
— வழக்கறிஞர், யாழ்ப்பாணம்

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, நிலவின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்வதைத் தடைசெய்கிறது. பன்னிரண்டாம் பிரிவு, நிலவில் அமைக்கப்படும் நிலையங்கள், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வரும் பிற நாட்டுப் பிரதிநிதிகளுக்குப் பரஸ்பர அடிப்படையில் திறந்திருக்க வேண்டும் என்கிறது. சிக்கல் எழுவது உரிமையில் இல்லை, இட நெருக்கடியில். வெயில் நீடிக்கும் மேடுகள் மிகச் சிலவே. அவற்றையே ஒருபுறம் அமெரிக்கா தலைமையிலான ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை நாடுகளும், மறுபுறம் 2021இல் கூட்டுத் தளத்தை அறிவித்த சீனாவும் ரஷ்யாவும் நோக்குகின்றன. ஒருவர் பணிக்குப் பிறர் இடையூறு செய்யாதிருக்க அந்த இடத்தைச் சுற்றி ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை வகுக்கச் சொல்லும் பாதுகாப்பு மண்டலங்கள், நல்ல எண்ணத்துடன் வரையப்பட்டாலும், நடைமுறையில் வேலியாக மாறிவிடக்கூடும்.

இந்தியா 2023 ஜூனில் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்பும் இலக்கையும் அறிவித்திருக்கிறது. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1959இலேயே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உட்படப் பன்னிரண்டு நாடுகள் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன என்பதால், இன்று அத்தகைய உடன்பாடு இயலாது என்று நான் கருதவில்லை. இரு தரப்புக் கலங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் இணைப்புக் கதவு, ஆபத்தில் உதவி கேட்பதற்கான பொதுவான அலைவரிசை, ஒருவர் இறங்கும்போது அடுத்தவர் கருவிகள்மேல் புழுதி பாயாத இடைவெளி ஆகிய மூன்றையும், தளங்கள் வரைபடத்தில் இருக்கும் இப்போதே எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளுமாறு இந்தியா வற்புறுத்த வேண்டும்.