குஞ்சுகள் கொத்துகின்றனவா? முதலில் பகல் பல்பை அணையுங்கள்

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். 60 கோழிக்குஞ்சு வாங்கி, 4 அடிக்கு 3 அடி பலகைப் பெட்டியில் உமி பரப்பி விட்டிருக்கிறார். மேலே 100 வாட் வெள்ளை பல்ப், இரவு பகலாக எரிகிறது. பெட்டி இருப்பது தகரக் கூரை போட்ட பத்தியில். காசு மிச்சம் பிடிக்க, சின்னக் குஞ்சுகளுக்கென்று விற்கும் ஸ்டார்டர் தீனுடன் பாதிக்குப் பாதி அரிசிக் குறுணல் கலக்கிறார். 10ஆம் நாள் காலை ஒரு குஞ்சின் வாலடியில் இரத்தம். பின்னேரம் பார்த்தால் நாலுக்குக் காயம், ஒன்று செத்துக் கிடக்கிறது. “சொண்டை வெட்டிவிடச் சொல்கிறார்கள், வெட்டவா?” என்று கேட்கிறார்.

வெட்ட வேண்டாம், தங்கச்சி. வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் குஞ்சு தீன் எடுக்க முடியாமல் சோர்ந்துபோகும். கொத்தத் தூண்டிய காரணமோ பெட்டிக்குள் அப்படியே இருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சூடு கூடிவிட்டது, இடம் போதவில்லை, தீனில் சத்துக் குறைந்துவிட்டது. இதில் முதல் குற்றவாளி சூடு.

முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு ஏறக்குறைய 3 பாகை குறைத்துக்கொண்டு வரவேண்டும். நுவரெலியாவில் வளர்ப்பவருக்கு அதற்குப் பகலிலும் பல்ப் வேண்டும். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மதிய வெயிலே 34, 35 பாகைக்குப் போய்விடுகிறது. தகரத்துக்குக் கீழே இன்னும் கூட. அந்த நேரத்தில் 100 வாட் பல்பும் எரிந்தால் பெட்டி அடுப்பாகிவிடும்.

சாம்பல்தீவில் நான் முதன்முதலில் குஞ்சு விட்டபோது இதே பிழையைச் செய்தேன். காலையிலும் பின்னேரமும் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் திரும்புவேன். ஒருநாள் மதியம் 2 மணிக்குப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. எல்லாம் பல்பை விட்டு விலகி மூலைகளில் ஒட்டி நின்றன. வாய் திறந்தபடி, செட்டை தொங்கியபடி. நெருக்குப்பட்ட ஒன்று முன்னால் நின்றதன் வாலில் ஒருதரம் கொத்தியது. அந்த வயதில் முளைக்கும் இறகுக் குருத்துக்குள் இரத்தம் இருக்கும். குருத்து முறிந்து ஒரு சொட்டுச் சிவப்பு வந்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற மூன்றும் அதே இடத்தில் கொத்தத் தொடங்கிவிட்டன.

ஆகவே பகலில் பல்பை அணையுங்கள். தகரத்தின் மேல் கிடுகு போட்டு, காற்று வர ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். இரவில் பல்ப் வேண்டும், ஆனால் சிவப்பு பல்ப். வெள்ளை வெளிச்சம் தீனையும் தண்ணீரையும் கண்டுபிடிக்க முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான் தேவை. சிவப்பு வெளிச்சத்தில் இரத்தம் எடுப்பாகத் தெரியாது. பல்பைச் சுற்றிச் சிவப்புத் தாள் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், கீழே காய்ந்த உமி கிடக்கிறது. பல்பின் உயரத்தைக் குஞ்சுகளே சொல்லும்: பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கினால் சூடு, பரவிப் படுத்தால் சரி.

அடுத்து இடம். மூன்று கிழமை வரை ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடியாவது வேண்டும். 60 குஞ்சுக்கு 30. உங்கள் பெட்டி 12 சதுர அடிதான். பெரிய பெட்டி அடிக்கத் தேவையில்லை. ஒன்றரை அடி உயரத் தகரத்தை 20 அடி நீளத்துக்கு எடுத்து வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். இடமும் கிடைக்கும், நெருக்கும் மூலையும் இருக்காது. மூன்று கிழமைக்குப் பிறகு இடத்தை இரட்டிப்பாக்குங்கள். தீன் தட்டும் தண்ணீர்க் குடுவையும் இரண்டிரண்டாக, எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே தட்டென்றால் பலமான குஞ்சுகள் காவல் நின்றுவிடும்.

காயப்பட்டவற்றை இப்போதே பிரித்தெடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஜென்சியன் வயலட்டைப் பூசுங்கள். புண்ணுக்கும் நல்லது, சிவப்பை ஊதா மறைத்தும் விடும். ஒரு குஞ்சைத் தனியே போட்டால் கத்திக் கத்தியே சோரும், ஆகவே காயப்பட்டவற்றை ஒன்றாக வையுங்கள். அதேநேரம் கூட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் கொத்துவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதையும் இரண்டு மூன்று நாள் பிரித்துவைத்தால் மற்றவை அடங்கும்.

தீன் விலை எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த வயதில் குறுணல் கலக்காதீர்கள். ஸ்டார்டர் தீனில் புரதம் ஏறக்குறைய 20 வீதம் இருக்கும். அரிசியில் 7, 8 வீதம்தான். பாதிக்குப் பாதி கலந்தால் குஞ்சுக்குப் போவது 14. இறகு முளைக்கவே புரதம் வேண்டும், அது காணாதபோது அடுத்ததன் இறகைப் பிடுங்கும். அதை ஈடுகட்டக் கருவாட்டுத் தூள் போடலாமா என்று நம் கரையோரத்தில் பலர் கேட்பார்கள். வேண்டாம், உப்புக் கூடினால் குஞ்சு செத்துப்போகும்.

குஞ்சுக்குப் பொழுதுபோக்கும் வேண்டும். ஒரு பிடி முருங்கை இலையையோ பொன்னாங்காணியையோ கட்டி, தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். எட்டிக் கொத்திக்கொண்டே நிற்கும். கீரை கொடுத்தால் செரிக்கக் கொஞ்சம் பொடி மணலும் வேண்டும். கடற்கரை மணல் உப்பு, ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள்.

புண் முழுதும் காய்ந்து, தோல் மூடிய பிறகு குஞ்சுகளைத் திருப்பி விடுங்கள். இருட்டிய பிறகு, இரண்டு மூன்றாகச் சேர்த்து. அடுத்த நாள் மதியம் 2 மணிக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். இதையெல்லாம் செய்தும் கொத்து நிற்கவில்லை, அல்லது எச்சத்தில் இரத்தம் தெரிகிறது என்றால், ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மாரி தொடங்கிய பிறகு அடுத்த குஞ்சுகளை எடுத்தால், மழை நாளில் பகலிலும் பல்ப் போட வேண்டிவரும். அப்போதும் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே போடுங்கள்.