கவனக்குறைவா, பொறுப்பற்ற துணிச்சலா: எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கேள்வி: நான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு இருபது வயது. போன வாரம் இரண்டு பேலட்டை (சரக்கு அடுக்கிய பலகைத் தளம்) ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, முன்னால் எதுவும் தெரியாத நிலையில் நேராக ஓட்டிவிட்டான். திருப்பத்தில் ரேக்கின் தூணில் இடித்து, மேலிருந்த பெட்டிகள் சரிந்து, இன்னொரு தொழிலாளியின் கணுக்கால் முறிந்துவிட்டது. விபத்து அறிக்கைப் படிவத்தில் 'கவனக்குறைவு', 'பொறுப்பற்ற துணிச்சல்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் ஒன்றுதானே? விசாரித்தபோது, "முன்னாடி மறைக்குதுன்னு தெரியும் சார், இருபது அடிதானேன்னு விட்டுட்டேன்" என்றான். அவன் வயதுப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்களாம். எங்கள் இடத்தில் பலரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். எதை டிக் செய்வது?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. அதற்கான விடையில் பாதியை உங்கள் ஓட்டுநரே சொல்லிவிட்டான்: "தெரியும் சார்."

பேச்சில் நாம் அஜாக்கிரதை, அசட்டை, மெத்தனம், கண்மூடித்தனம், அசட்டுத் துணிச்சல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத்தான் புழங்குகிறோம். விபத்துச் செய்திகளில் வரும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற ஜோடி தேய்ந்தே போய்விட்டது. ஆனாலும் காதுகொடுத்துக் கேட்டால் தமிழ் இவற்றைப் பிரித்தே வைத்திருப்பது தெரியும். அடுப்பை அணைக்க மறந்தவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று யாரும் சொல்வதில்லை. துணிச்சல் என்றாலே எதிரில் ஓர் ஆபத்து கண்ணில் பட்டிருக்க வேண்டும். குறளிலும் இவை வேறு வேறு இடத்தில்தான் இருக்கின்றன. மறதியால் வரும் சோர்வுக்குப் பெயர் பொச்சாப்பு; அதற்கென்று பொச்சாவாமை என்ற தனி அதிகாரமே உண்டு. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்பதோ அறிவுடைமை அதிகாரத்தில் வருகிறது. 'கண்மூடித்தனம்' என்ற சொல்தான் கொஞ்சம் ஏமாற்றுகிறது. இங்கே ஆள் முதலில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான், மூடிக்கொண்டது அப்புறம்தான்.

சட்டமும் இதே இடத்தில்தான் நெடுநாள் மல்லுக்கட்டியது. 1957-ல் இங்கிலாந்தில் கன்னிங்ஹாம் வழக்கு. சில்லறைக் காசுக்காக ஒருவர் வீட்டு நிலவறையில் இருந்த எரிவாயு மீட்டரைப் பிடுங்கிவிட்டார். வாயு சுவர் வழியாகக் கசிந்து, அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு மூச்சுத் திணறியது. திருட்டு நிச்சயம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததற்கும் அவரைக் குற்றவாளியாக்க வேண்டுமென்றால், அப்படி ஒரு தீங்கு வரலாம் என்று அவர் மனதில் பட்டிருக்க வேண்டும், பட்டும் செய்திருக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கெட்ட காரியம் செய்தார் என்பது மட்டும் போதாது. தண்டனை ரத்தானது.

1981-ல் கால்டுவெல் வழக்கில் இது தலைகீழானது. எவருக்கும் பளிச்சென்று தெரியக்கூடிய ஆபத்தை ஒருவர் யோசித்தே பார்க்கவில்லை என்றாலும், அதுவும் பொறுப்பற்ற துணிச்சல்தான் என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கூறிவிட்டது. இதன் விளைவு பின்னால் இரண்டு சிறுவர்கள் தலையில் விடிந்தது. ஒருவனுக்கு 11 வயது, மற்றவனுக்கு 12. ஒரு கடையின் பின்புறம் பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் குப்பைத் தொட்டிக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்கள். தானாக அணைந்துவிடும் என்று நினைத்தார்கள். தீ கட்டடத்துக்குப் பரவி, சுமார் 10 லட்சம் பவுண்டு சேதம். வளர்ந்த ஆளின் அளவுகோலை வைத்துத்தான் அவர்களைக் குற்றவாளிகள் என்றார்கள். 2003-ல் அதே சபை தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, அந்தச் சிறுவர்களின் மனதில் ஆபத்து தோன்றியதா என்றுதான் கேட்க வேண்டும் என்றது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. தோன்றாத ஒன்றை ஒருவன் எப்படி ஒதுக்கித் தள்ளியிருக்க முடியும்?

அமெரிக்காவின் 1962-ம் ஆண்டு மாதிரித் தண்டனைச் சட்டம் இதை நான்கு படிகளாக வைக்கிறது: வேண்டுமென்றே செய்வது, நிச்சயம் நடக்கும் என்று தெரிந்தே செய்வது, ஆபத்தை உணர்ந்தும் ஒதுக்கித் தள்ளுவது, உணர வேண்டியதை உணராமல் விடுவது. உங்கள் படிவத்தின் இரண்டு கட்டங்களும் கடைசி இரண்டு படிகள். மூன்றாவது படியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆபத்து கணிசமானதாக இருக்க வேண்டும், அதை எடுக்கத் தக்க காரணமும் இருக்கக் கூடாது. உயிருக்குப் போராடுபவரை ஏற்றிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் ஆபத்து தெரியும்தான். அவரை யாரும் பொறுப்பற்றவர் என்பதில்லை. உங்கள் பையனிடம் அப்படி என்ன அவசரம் இருந்தது?

உளவியலுக்கு வந்தால் படம் கொஞ்சம் கலங்கும். தெரியும் என்பதும் உறைப்பதும் ஒன்றல்ல. 2005-ல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், பதின்ம வயதினர், இளைஞர்கள், பெரியவர்கள் என மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். தனியாக ஆடும்போது இருந்ததைவிட, சக வயதினர் சுற்றி இருந்தபோது அதிக ஆபத்துகளை எடுத்தார்கள். வயது குறையக் குறைய இந்த விளைவு கூடியது. பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பையன்களை அறிக்கையில் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அவனைக் காப்பாற்ற அல்ல, நடந்ததை முழுதாகச் சொல்ல.

இன்னொன்று, பழக்கம். ஒரு தவறான வழி பத்து முறை சேதமில்லாமல் முடிந்தால், பதினோராவது முறை அது தவறாகவே தோன்றாது. 1986-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்ததைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான் காட்டியது இதைத்தான். ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால் அது 'ஏற்கத்தக்க' ஆபத்தாகிவிட்டது. இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருவோம். "பலரும் அப்படித்தான் ஓட்டுவார்கள்" என்றால், அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி எப்படியும் வரும். வேறு யாரோ கேட்பதற்குமுன் அறிக்கையில் நீங்களே எழுதிவிடுவது நல்லது.

சரி, டிக் எங்கே? அவன் சொன்னது அப்படியே உண்மையானால், பொறுப்பற்ற துணிச்சல். ஆனால் இன்னும் டிக் போடாதீர்கள். மறுபடி ஒருமுறை தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பித்தால் உங்களுக்குக் கிடைப்பது மன்னிப்புதான், தகவல் கிடைக்காது. "வண்டியை எடுக்கும்போது என்ன தெரிந்தது, திருப்பத்துக்கு வரும்போது என்ன நினைத்தாய்?" என்று கேளுங்கள். சுமை பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழிகாட்ட ஒருவரை நிறுத்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தரப்பட்டதா, எப்போது, யார் சொன்னது என்று பாருங்கள். பயிற்சிப் பதிவில் அவன் கையெழுத்தே இல்லையென்றால் விஷயம் வேறு. விபத்து முடிந்த பிறகு "தெரியும் சார்" என்பது, குற்ற உணர்ச்சியில் எவரும் சொல்லக்கூடியதும்கூட. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது எல்லாமே முன்னமே தெரிந்ததுபோல் தோன்றும்.

அப்புறம், காயத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டி காலில் விழாமல் தரையில் விழுந்திருந்தாலும் அவன் செய்தது அதேதான். கணுக்கால் முறிந்ததால் மறதி துணிச்சலாக மாறிவிடாது.

எழுதும்போது அடைமொழிகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். "பொறுப்பில்லாமல் ஓட்டினான்" என்பது உங்கள் கருத்து. இப்படி எழுதலாம்: "இரண்டு பேலட் உயரத்துக்குச் சுமை இருந்தது; முன்பக்கப் பார்வை மறைந்திருந்தது; மறைந்திருப்பது தெரியும் என்று ஓட்டுநர் கூறினார்; ரிவர்ஸில் ஓட்டவில்லை; வழிகாட்ட ஆள் இல்லை; சக பணியாளர் இருவர் அருகில் நின்றனர்; இதே முறையில் மற்றவர்கள் ஓட்டியதை நான் முன்பு கண்டும் தடுக்கவில்லை." இதற்குக் கீழே டிக் போடுங்கள்.