பட்டறைக் கேள்வி–பதில்: பழைய ஹொண்டாவின் பெற்றோல் டாங்க்

கேள்வி: அப்பாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் பல வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. டாங்குக்குள் முழுக்கக் கறள், அடியில் ஊசிமுனையளவு இரண்டு ஓட்டை. புட்டி வைத்து அடைத்து, பெயின்ற் அடித்துத் தரலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், மல்லாவி

பதில்: வேண்டாம். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம். அது அடிமூலையில் தங்கி உள்ளிருந்து அரித்த ஓட்டை அது. வெளியே வைக்கும் புட்டியைப் பெற்றோல் இளக்கிவிடும், மேலே பெயின்ற் கொப்பளிக்கும்.

பெற்றோல் ரப்பைக் கழற்றி அந்த வாயை அடையுங்கள். பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்து வண்டி என்றால் உள்ளே தேன்நிறப் பிசின் படிந்திருக்கும். அது இருக்கும்வரை அசிட் கறளைத் தொடாது. அரை லீற்றர் தின்னர் விட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிரவு வையுங்கள். பிறகு சுடுதண்ணீரும் சலவைத்தூளும், மணம் போகும்வரை. தடித்த கறளுக்கு நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போடுங்கள்: 40 போனால் 40 வரவேண்டும். சைக்கிள் செயின் போடாதீர்கள், உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

அடுத்தது சிற்றிக் அசிட். லீற்றர் தண்ணீருக்கு 80 கிராம், வாய்முட்ட, 24 மணித்தியாலம். ஓட்டைகளை வெளியே ரேப்பால் ஒட்டி வையுங்கள். ஐதரசன் வாயு வரும். மூடியைப் பூட்டாதீர்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம். கழிவறை அசிட் வேகமாக வேலைசெய்யும்தான், ஆனால் கறளோடு தகட்டையும் தின்னும். குரோம் பட்டால் குரோமும் போகும். அசிட்டை வெளியே ஊற்றியதும், தண்ணீர் லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவுங்கள்.

ஒட்டு இதற்குப் பிறகுதான். முன்பே ஒட்டினால், கறள் அடைத்து வைத்திருந்த மூன்றாவது ஓட்டை அசிட்டில் திறக்கும். மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஊசி ஓட்டை விரல் நுழையும் ஓட்டையாகிவிடும். பெரிய சூட்டுக்கோலால் ஈய ஒட்டுப் போதும். வெறும் டாங்க் நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். கழுவிய பிறகும் டாங்கைக் கவிழ்த்து, ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே வரை அப்பச்சோடாத் தண்ணீர் நிரப்பித்தான் சூடு வைக்கவேண்டும். முடிந்ததும் அலசி, உடனே புளோவரால் காயவையுங்கள். ஈரத்தோடு கொஞ்சநேரம் விட்டாலும் செம்மஞ்சள் பூத்துவிடும்.

கேள்வி: போன மாதம் அடித்த பெயின்ற், மூடியைச் சுற்றிச் சுருங்கி உரிகிறது. ஏன்?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மேலே அடித்த கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவம் கலக்காத வகையாக இருக்கும். பெற்றோல் சிந்தினால் அது கரையும். உரிந்த இடத்தின் மேலேயே அடித்தால் மறுபடி சுருங்கும். தகடுவரை சுரண்டி, 180 நம்பர் தேய்ப்புத் தாள், எபொக்சி பிறைமர் (அடிப்பூச்சு), 600 நம்பர் நீர்த்தாள், நிறம் மூன்று கை, கைக்குக் கை பத்துப் பதினைந்து நிமிடம். கடைசியாக 2கே கிளியர், அதாவது ஹார்ட்னர் கலக்கும் வகை. ஹார்ட்னர் அளவு ரின்னில் உள்ளபடியே, கண்மட்டம் உதவாது. ஒரு கிழமை பெற்றோல் விடாதீர்கள். 2கே புகை நெஞ்சைக் கெடுக்கும்; துணி கட்டினால் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள முகமூடியும் திறந்த வெளியும் வேண்டும்.

கேள்வி: மார்கழியில் அடிக்கலாமா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: மழை ஈரத்தில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, பனி படிந்ததுபோல வெளிறும். பங்குனிவரை பொறுங்கள். ஆடியில் சோளகம் கிரவல் புழுதியைக் கொண்டுவந்து ஒட்டும். அப்போது அடிப்பதென்றால் காற்று எழும்புமுன் விடியற்காலையில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.